நாலு விரல் இடைவெளி

புதுச்சேரி,
27 ஜனவரி 2025, திங்கள்.

அன்புள்ள பாய்க்கு,

உங்கள் செல்போனுக்குப் பதினொரு முறை அழைத்தேன். வியாழன் மூன்று, வெள்ளி நான்கு, சனி இரண்டு, நேற்று இரண்டு. ஒரு தடவையும் நீங்கள் எடுக்கவில்லை. கருவடிக்குப்பத்தில், உங்கள் மகள் இஷ்ரத் வீட்டில், சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். சிக்னல் கிடைத்தும் எடுக்காமல் இருக்க உங்களுக்குக் காரணம் உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் அங்கே வந்துவிடலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நின்று என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. பேச்சில் எனக்கு எப்போதும் வரிசை தப்பிவிடும். தாளில் கொஞ்சம் நிற்கும்.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

புயல் மழை வடிந்தபின், டிசம்பரில், புது நடைபாதைக்காக நம் வீதியின் கிழக்குப் பக்கத்துப் பத்தொன்பது வீடுகளின் வாசல் படிகளையும் அளந்து தரமுடியுமா என்று பொறியாளர் இனியா கேட்டார். நான் சர்வே ஆபீசில் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உங்களைத் துணைக்கு அழைத்தேன். படி சுவரிலிருந்து எழுபத்தைந்து சென்டிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுவார்கள், அதற்கு மேல் என்றால் இடிப்பார்கள். இதுதான் விதி. நீங்கள் டேப்பின் நுனியைச் சுவரில் வைத்துப் பிடித்தீர்கள். நான் படியின் வெளி விளிம்பில் குனிந்து அளவைப் படித்து நோட்டில் எழுதினேன். பதினெட்டு வீடுகள் எழுபத்தைந்துக்குள் வந்தன. உங்கள் வீட்டுச் சரிவு மட்டும் எழுபத்தாறு வந்தது.

போன வியாழன் காலை இயந்திரம் வந்து அந்தச் சரிவை உடைத்துவிட்டது. உங்கள் மனைவி ஜீனத் தங்கச்சி வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதற்காக நீங்கள் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் கட்டியது. அன்று நான் பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் தையல் கடை பூட்டியிருந்தது. தங்கச்சியை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள் என்று உங்கள் பக்கத்து வீட்டு அமுதவல்லி சொன்னாள்.

இந்த நடைபாதை வேண்டும் என்று மூன்று வருடம் மனு எழுதியவன் நான்தான். மனுவில் ‘முதியோர்’ என்று எழுதினேன். மனதில் இருந்தது ஒருவர் மட்டுமே, தங்கச்சி. அவர் வாக்கரோடு முனை வரை நடந்து திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த மனு முழுவதும். இப்போது நடைபாதை வருகிறது. அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. இது எப்படி நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தனிஸ்லாஸ்


786
கருவடிக்குப்பம்
1-2-2025

முசே தனிஸ்லாஸ் அவர்களுக்கு பக்ருதீன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. நகல் எதற்கு? அசலையே பார்த்தவன் நான். இடிக்க வந்த மேஸ்திரி ராஜவேல் தன் செல்போனில் காட்டினார். “பாய், இது யாரு கையெழுத்துன்னு நீங்களே பாருங்க. நானா எதுவும் பண்ணல” என்றார். பார்த்தேன். ஏழின் வயிற்றில் குறுக்கே ஒரு கோடு. முசே என்று கூப்பிட வைக்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் போடுகிற ஏழு. நம் வீதியில் அப்படி ஏழு போடுகிறவர் ஒருவர்தான் இருக்கிறார்.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதம். பெருநாள் துணி தைக்கிற காலத்தில் கடை பூட்டிக் கிடக்கிறது. அதை விடுங்கள், தையலை எங்கே உட்கார்ந்தும் தைக்கலாம். இஷ்ரத் வீடு முதல் மாடி. வந்த நாளிலிருந்து ஜீனத்தின் கால் மண்ணில் படவில்லை. பக்கவாதம் வந்து எட்டு மாதம் கட்டிலில் கிடந்தவள் அந்தச் சரிவில் இறங்கித்தான் முதல் முறையாக யாரும் பிடிக்காமல் வீதியில் நின்றாள். உங்களுக்கும் அது தெரியும், நீங்கள் கை தட்டினீர்கள். தினமும் நடக்காவிட்டால் இருக்கிற தெம்பும் போய்விடும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். இங்கே கூடத்தில் எட்டு அடி நடந்தால் சுவர் வந்துவிடுகிறது. திரும்ப மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒரு கேள்வி. அன்று நாற்காலியைத் தூக்கியபோது அவள் கேட்டாள்: “தனிஸ் அண்ணே வீட்ல இல்லியா?” இல்லை என்றேன். நீங்களும் பென்ஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரே உங்கள் மாடிச் சன்னலின் இடது கதவு நாலு விரல் திறந்திருந்தது. பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நீங்கள். சன்னலைத் திறந்துபோட்டுவிட்டுப் பென்ஷன் வாங்கப் போகமாட்டீர்கள்.

இனி எழுத வேண்டாம்.

பக்ருதீன்

கடையில் மெஷின் மேல் துணி போடாமல் வந்துவிட்டேன். ஷட்டர் இடுக்கில் தூசி போகிறதா என்று பார்க்க முடிந்தால் பார்க்கவும். சாவி அமுதவல்லியிடம் இருக்கிறது.


புதுச்சேரி,
6 பிப்ரவரி 2025, வியாழன்.

அன்புள்ள பாய்க்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். மெஷினைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்ததைச் சொல்ல எழுதத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

மெஷின் மேல் தூசி படிந்திருந்தது. துடைத்து, என் பழைய வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து மூடியிருக்கிறேன். ஷட்டரின் அடியில் சாக்கைச் செருகியிருக்கிறேன்.

அடுத்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். சன்னலுக்குப் பின்னால் நின்றேன். இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் இறங்கி வரவேண்டும் என்று செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். கீழே போய் என்ன சொல்வது, நான் எழுதிய எண்ணை நானே எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் உடைத்து முடித்துவிட்டார்கள். முழு நேரமும் செருப்போடு வீட்டுக்குள் நின்றிருந்தேன். பென்ஷன் என்று எழுதியது பொய். மன்னிக்க வேண்டும்.

இனி எழுதுவது எனக்கே புரியாத ஒன்று. ஞாயிறன்று காலை ஐந்தரைக்கு, வாடகை ஸ்கூட்டர்களும் படம் எடுக்கிற கூட்டமும் வரும் முன்பு, புதிதாக வாங்கிய இரும்பு டேப்போடு போய் பத்தொன்பது வீடுகளையும் மறுபடி அளந்தேன். துணைக்கு ஆள் இல்லை. நுனியைச் சுவரோடு வைத்துச் செங்கல்லால் அழுத்திக்கொண்டேன். உங்கள் சரிவின் கைப்பிடிக் கம்பியை அறுத்துவிட்டார்கள், ஆனால் அதன் அடிக்கட்டை தரையில் நிற்கிறது. வெளி விளிம்பு அதுதான். அது பழைய அளவிலேயே இருக்கிறது.

மற்ற பதினெட்டும் மாறியிருக்கின்றன. அமுதவல்லியின் இட்லிக் கடைப் படி நோட்டில் எழுபத்திரண்டு, இப்போது எண்பது. விஜயராகவன் சார் வீடு நோட்டில் எழுபத்து மூன்று, இப்போது எண்பத்தொன்று. எல்லாமே ஏழு அல்லது எட்டு சென்டிமீட்டர் கூடுதல். பதினெட்டு வீடும் விதியை மீறியவை. மீறாமல் இருந்திருக்க வேண்டியது, அல்லது மயிரிழையில் மீறியது, இடிபட்ட உங்கள் வீடு ஒன்றுதான்.

டேப்பில் கோளாறோ என்று பழையதையும் புதியதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தன. அப்படியானால் கண்ணாக இருக்கவேண்டும் என்று கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். “கண்ணு நல்லா இருக்கு தாத்தா. கண்ணாடிகூட மாத்த வேணாம்” என்று அந்தப் பெண் டாக்டர் அனுப்பிவிட்டார். கண்ணும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது என் புத்திதான். அதை எந்த வரிசையில் நின்று காட்டுவது?

சரியான அளவை ஆபீசில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பதினெட்டு வீட்டுப் படியும் இடிபடும். கொடுக்காவிட்டால் தங்கச்சி ஒருவர் மட்டும் மாடியில் இருப்பார். நான் படித்த படிப்பில் இதற்கு வழி இல்லை.

நீங்கள்தான் மறு நுனியைப் பிடித்திருந்தீர்கள். அன்று ஏதாவது வித்தியாசமாக நடந்ததா? குற்றமாகக் கேட்கவில்லை. எனக்கு நினைவில்லை என்பதால் கேட்கிறேன்.

தனிஸ்லாஸ்


786
கருவடிக்குப்பம்
11-2-2025

தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

டேப் பிடிக்கத் தெரியுமா என்று ஐம்பத்திரண்டு வருடமாகத் தையல் தொழில் செய்கிறவனைக் கேட்கிறீர்கள். நீங்கள் கல்யாணத்துக்குப் போட்ட பேண்ட்டிலிருந்து வருடா வருடம் ஈஸ்டருக்குப் போடுகிற சட்டை வரை எந்தக் கை அளந்தது? எதையாவது பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறீர்களா?

புது அளவை யாரிடமும் கொடுக்காதீர்கள். இதை மட்டும் கேளுங்கள். அமுதவல்லி அந்தப் படியில் அடுப்பை வைத்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். எங்கள் வீடு இடிந்தது போதும்.

ஜீனத்திடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். செருப்போடு வீட்டுக்குள் நின்றீர்கள் என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னாள். “கோவம் வருதா?” என்று கேட்டேன். “செருப்ப எப்ப கழட்டினாராம்?” என்றாள். அவளுக்குப் பேச்சு இப்போது கொஞ்சம் குழறுகிறது. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுகிறாள். இந்த வாரம் கூடத்தில்கூட நடக்கவில்லை.

டேப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பக்ருதீன்


புதுச்சேரி,
17 பிப்ரவரி 2025, திங்கள்.

அன்புள்ள பாய்க்கு,

செருப்பைக் கழற்றியது மதியம் ஒரு மணிக்கு. தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

வெள்ளியன்று பொறியாளர் இனியாவைப் பார்க்கப் போனேன். பயப்படாதீர்கள், பதினெட்டு வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதாகத்தான் நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். “ஐயா, எனக்கு வந்ததுலயே உங்க லிஸ்ட்தான் சுத்தமான லிஸ்ட். அடிச்சல் திருத்தல் ஒண்ணு கெடையாது. எங்க ஆளுங்களுக்கு இத காட்டித்தான் திட்றேன்” என்றார். குறிப்பு சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

சரிவைப் பற்றி மட்டும் கேட்டேன். அவர் சொன்னது இது. மார்ச் முதல் வாரம் உங்கள் பக்கம் கல் பதிக்கிறார்கள். பதித்துவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. அதற்கு முன், பிப்ரவரி இருபத்தெட்டுக்குள், வரைபடத்தோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் புது நடைபாதையோடு சேர்த்துச் சரிவையும் அவர்களே கட்டித் தருவார்கள். ஆனால் பழைய சரிவு எழுபத்தைந்துக்குள் இருந்ததாகப் பதிவு இருக்கவேண்டும். “அந்த வீடு எழுபத்தாறு இருக்கே ஐயா. நீங்களே எழுதியிருக்கீங்களே” என்றார். என் கையெழுத்து என்று ராஜவேல் உங்களிடம் காட்டியதைத்தான் அவர் என்னிடம் காட்டினார். குறுக்குக் கோடு போட்ட ஏழு.

இனி எழுதப்போவதை மூன்று தாள் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பரில் உங்கள் வீட்டில் நான் படித்த அளவு எழுபத்தாறு இல்லை. எழுபத்தைந்து புள்ளி நாலு. மற்ற எல்லா வீட்டிலும் புள்ளிக்குப் பின்னால் வந்ததை விட்டுவிட்டேன், எழுபத்திரண்டரை வந்தால் எழுபத்திரண்டு. அப்படித்தான் எங்கள் ஆபீசிலும் செய்வோம். உங்கள் வீட்டுக்கும் விட்டிருந்தால் எழுபத்தைந்து. சரிவு தப்பியிருக்கும். பேனாவை வைத்தபோது என் பக்கத்தில் விஜயராகவன் சார் வந்து எட்டிப் பார்த்தார். “பாய் வீடு எவ்ளோ?” என்று கேட்டார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சிநேகிதன் வீட்டுக்குச் சலுகை காட்டினான் தனிஸ்லாஸ் என்று நாளை யாராவது சொல்வார்களோ என்று எனக்குத் தோன்றியது. யாரும் சொல்லாத சொல்லுக்குப் பயந்து எழுபத்தாறு என்று எழுதினேன்.

தெருவில் யார் யாருக்கோ விட்ட புள்ளியை உங்களுக்கு மட்டும் விடவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாக இல்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது என்பதால்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

நேற்று மாலை சுற்றுலா வந்த ஒரு ஜோடி உங்கள் வீட்டு மஞ்சள் சுவர்முன் நின்று படம் எடுத்துக்கொண்டது. நான் அந்தக் கம்பிக் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃபிரேம்ல வர்றீங்க” என்றாள் அந்தப் பெண். தள்ளிக்கொண்டேன்.

தனிஸ்லாஸ்


786
கருவடிக்குப்பம்
20-2-2025

முசே,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். உள்ளே கொண்டுபோக மனம் வரவில்லை. கோபத்தில் அல்ல. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. இஷ்ரத் பார்த்தால் பயந்துவிடுவாள்.

நீ சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன்.

சட்டைக்கு மார்பு அளவு எடுக்கும்போது டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துக்கொண்டுதான் பிடிப்போம். இல்லாவிட்டால் மூச்சு விட்டால் பட்டன் தெறிக்கும். மனிதனை அப்படியே அளந்து தைத்தால் அவனால் போட முடியாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முதல் நாள் சொன்னது அது.

டிசம்பரில் முதல் வீட்டில் டேப்பைச் சுவரில் வைத்தேன். அமுதவல்லி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எவ்ளோ வருது பாய், இடிப்பாங்களா?” என்றாள். சுவருக்கும் டேப்பின் நுனிக்கும் நடுவே நாலு விரலை வைத்தேன். சட்டைக்கு இரண்டு என்றால் வீட்டுக்கு நாலு. நீ அந்தப் பக்கம் குனிந்து படித்துக்கொண்டிருந்தாய். பதினெட்டு வீட்டுக்கும் அப்படித்தான் பிடித்தேன். உன் கண்ணிலும் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாய் என்று படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

என் வீடு வந்தது. விரலை எடுத்துவிட்டேன். ஊருக்கு விட்டது வேறு. எனக்கு நானே விட்டுக்கொண்டால் அது திருட்டு. அல்லா பார்த்துக்கொண்டிருக்கிறான். நுனியைச் சுவரில் அழுத்தி, ஒரு நூல் இடைவெளி இல்லாமல் பிடித்தேன். அந்தப் பக்கம் இருப்பது தனிஸ், என்ன வந்தாலும் அவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

நீ என்ன நினைத்தாய்? பாய் தன் வீட்டுக்குக் கொஞ்சம் விட்டுப் பிடித்திருப்பான் என்று நினைத்தாயா? இல்லை என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். நம்பிக்கொண்டே மறுபடி யோசிக்கிறேன்.

ஜீனத்திடம் இரண்டையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். அப்புறம் சிரித்தாள், இருமல் வந்து தண்ணீர் கொடுக்கும்வரை. “ஊருக்கெல்லாம் நல்லவனுங்க ரெண்டு பேரும். என் காலுக்குத்தான் நேர்மையா இருந்தீங்களா?” என்றாள். சிரிக்கிறாளே என்று பார்த்தால் கண்ணில் தண்ணீர்.

மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். போட்டால் அந்தப் பொறியாளர் பெண் மறுபடி அளக்க வரும். ஒரு வீட்டை அளந்தால் பக்கத்து வீட்டையும் அளக்கத் தோன்றும். பதினெட்டு வீடும் போகும். அதைச் செய்துவிட்டு அந்தச் சரிவில் அவளை எப்படி நடக்க வைப்பது?

பக்ருதீன்


புதுச்சேரி,
25 பிப்ரவரி 2025, செவ்வாய்.

அன்புள்ள பாய்க்கு,

நாலு விரல் என்பதைப் படித்ததும் டேப்பை எடுத்து என் விரல்களை அளந்தேன். ஏழு புள்ளி ஆறு. எல்லாம் சரியாக வருகிறது. ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது.

உங்களைக் கேட்காமல் நேற்று மறுபடி ஆபீசுக்குப் போனேன். இந்த முறை குறிப்பு எழுதிக்கொண்டு போகவில்லை. எழுதினால் எழுதியதிலேயே ஒளிந்துகொள்கிறேன்.

நின்றுகொண்டே சொன்னேன். “அம்மா, பாய் வீடு எழுபத்தைந்து புள்ளி நாலு. மற்றவர்களுக்குப் புள்ளியை விட்டேன். அவருக்கு மட்டும் ஏற்றி எழுபத்தாறு என்று எழுதினேன். தெரிந்து செய்தது. நீங்கள் சுத்தம் என்று சொன்ன லிஸ்டில் அது சுத்தம் இல்லை.” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லி முடிக்கும்வரை நான் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனியா நோட்டைப் புரட்டினார். “மத்த வீடெல்லாம் சரிதானே ஐயா?” என்று கேட்டார்.

பாய், எனக்கு எழுபத்தாறு வயது. நில ஆவணத்தில் நான் இதுவரை பொய் எழுதியதில்லை, அந்த ஒரு சென்டிமீட்டரைத் தவிர. “மற்ற பதினெட்டும் நான் படித்தபடியே எழுதினேன்” என்றேன். உண்மைதான். நான் படித்தபடிதான் எழுதினேன். உண்மையைச் சொல்லி ஒருவரை ஏமாற்ற முடியும் என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன்.

“டேப் யாரு புடிச்சது?” என்றார்.

“தையல்காரர். பாய்தான்.”

அவர் நோட்டை மூடினார். சிரித்ததுபோல இருந்தது. ஃபேன் காற்றுக்கு முகத்தைச் சுளித்ததாகவும் இருக்கலாம். “சரிங்க ஐயா. வியாழக்கெழம நானே வந்து பாக்குறேன். அவரையும் வரச் சொல்லுங்க. டேப்ப அவரே புடிக்கட்டும்” என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். உங்கள் வீட்டை மட்டும் அளக்க வருகிறாரா, எல்லாவற்றையுமா? டேப்பை உங்களையே ஏன் பிடிக்கச் சொல்கிறார்? தெரிந்துகொண்டு உங்களைப் பிடிக்க வருகிறாரா, தெரிந்துகொண்டு விடத்தான் வருகிறாரா, ஒன்றும் தெரியாமல் ஆள் இல்லை என்று கூப்பிடுகிறாரா? மூன்றுக்கும் எதிரே மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். சமமாக வருகின்றன.

இந்தக் கடிதத்தை அமுதவல்லி கையில் கொடுத்தனுப்புகிறேன், தபால் அதற்குள் சேராது. வரைபடம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நான் செய்ததை நான் சொல்லிவிட்டேன். பதினெட்டு வீட்டைப் பற்றி என் வாயிலிருந்து எதுவும் வராது.

வியாழன் காலை பத்து மணி.

தனிஸ்லாஸ்


புதுச்சேரி,
8 மார்ச் 2025, சனி.

அன்புள்ள பாய்க்கு,

நீங்கள் எல்லோரும் நேற்று மாலை வந்து சேர்ந்ததைப் பார்த்தேன். சரிவு காய்ந்துவிட்டது. புதுக் கைப்பிடிக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், ஒட்டுகிறதா என்று இன்று காலை விரல் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. தங்கச்சி ஆட்டோவிலிருந்து இறங்கி வாக்கரை அந்தச் சரிவில் வைத்ததும் பார்த்தேன். வலது கை கைப்பிடியில், இடது கால் கொஞ்சம் இழுத்தபடி. கதவுக்குள் போனார்.

கீழே வரவேண்டும் என்று செருப்பைப் போட்டேன். இஷ்ரத் இருந்தாள், அக்கம்பக்கம் எல்லோரும் நின்றார்கள். இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்தேன். இந்த வீதி இருபத்தோரு அடி அகலம். அதைத் தாண்ட எனக்குத் தபால்காரர் தேவைப்படுகிறார். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆபீசிலிருந்து எனக்கும் ஒரு நகல் வந்தது. உங்கள் வீட்டு அளவு அறுபத்தெட்டு என்று அதில் இருக்கிறது. எழுபத்தாறும் இல்லை, எழுபத்தைந்தும் இல்லை. கம்பிக் கட்டையை நானே இரண்டு முறை அளந்தேன். அறுபத்தெட்டு வரவே முடியாது. அந்த வியாழன் மாடியிலிருந்து பார்த்தேன். நீங்கள் சுவரருகே குனிந்தீர்கள், இனியா படித்தார், பிறகு நிமிர்ந்து என் சன்னலைப் பார்த்தார். நான் பின்வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

அறுபத்தெட்டு எப்படி வந்தது?

தனிஸ்லாஸ்


786
11-3-2025

முசே,

இதற்குத் தபால் தலை கிடையாது. நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தின் அடியில் வைத்து அமுதவல்லியிடம் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சியில் கறி போடவில்லை. உங்களுக்கும் நோன்புக் காலம் தொடங்கிவிட்டது என்று ஜீனத் நினைவுபடுத்தினாள்.

அறுபத்தெட்டு எப்படி வந்தது என்று என்னைக் கேட்கிறாய். நான் யாரைக் கேட்பது?

அன்று காலை பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். என் வீடு, நேராகப் பிடிப்பது. எழுபத்தைந்து வந்தால் கையெழுத்து, எழுபத்தாறு வந்தால் திரும்பிப் போவது. அந்தப் பெண் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, “புடிச்சிட்டீங்களா பாய்?” என்றது. “புடிச்சிட்டேன்மா” என்றேன். “அறுபத்தெட்டு” என்றது. கையைப் பார்த்தேன். நாலு விரலும் சுவருக்கும் டேப்புக்கும் நடுவே இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வைக்கவில்லை. பழக்கமா, பதினெட்டு வீடு பிடித்ததில் கைக்கே தோன்றிவிட்டதா, தெரியவில்லை. திருட்டு என்று உனக்கு எழுதினேனே, அதை என் கையே செய்துவிட்டது. எடுத்துவிட்டு மறுபடி பிடிக்கலாம் என்று நினைத்தேன். எடுக்க வரவில்லை.

அந்தப் பெண் என் கையைப் பார்த்தது. அப்புறம் நிமிர்ந்து உன் சன்னலைப் பார்த்தது. அறுபத்தெட்டு என்று எழுதிக்கொண்டு, மனுவில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டது.

“மத்த வீடு அளக்கணுமாம்மா?” என்று கேட்டேன்.

“வெயிலா இருக்கு பாய்” என்றது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

மணி பத்தரை. நிழலில் நின்றிருந்தோம். நீ மூன்று காரணம் எழுதிப் பார்ப்பாய், பார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தொழுகையில் மன்னிப்புக் கேட்டேன், எதற்கு என்று சரியாகச் சொல்லத் தெரியாமல்.

ஜீனத் இன்று காலை புது நடைபாதையில் பதினோரு அடி நடந்தாள். பன்னிரண்டாவது அடியில் ஒரு வாடகை ஸ்கூட்டர் குறுக்கே நின்றது. திரும்பி வந்துவிட்டாள். “தனிஸ் அண்ணேகிட்ட சொல்லுங்க, இதுக்கு ஒரு மனு எழுதட்டும். ஆனா அளக்குற வேலைய மட்டும் ரெண்டு பேரும் தொடக் கூடாது” என்கிறாள்.

ஈஸ்டர் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டாயா? எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கடையில் ஒரு வெள்ளை இருக்கிறது. சன்னலில் நிற்கிற ஆளுக்கு இங்கிருந்து அளவெடுக்க எனக்குத் தெரியாது, நீ இறங்கி வரத்தான் வேண்டும். செருப்பு போட்டிருப்பாய், அப்படியே வா. நீ இளைத்துவிட்டாய் என்று அவள் சொல்கிறாள். உனக்கு வழக்கம்போல இரண்டு விரல் விடுவதா, நாலு விடுவதா, விரலே வைக்காமல் பிடிப்பதா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது. வந்து நில். டேப்பைப் போட்டால் கைக்குத் தெரிந்துவிடும்.

பக்ருதீன்